அடுத்தது யாரு?

"அடுத்தது யாரு?" என்று கேட்டுக்கொண்டே, கழுத்தைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியை உருவி ஓர் உதறு உதறினாள். சுவரோரப் பெஞ்சில் யாரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவள் மகள்.

கை தன்பாட்டுக்குச் செய்துவிட்ட காரியம். பெண்களுக்கு முடி வெட்டும் இந்தக் கடையில் நின்று நின்றே அவளுக்குக் கால் நரம்பு சுருண்டு போயிருந்தது. துணியை உதறினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஒரு தலை முடிவதற்குள் மனசு அடுத்த தலைக்குத் தாவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. மதியத்துக்குப் பிறகு, காலையில் வந்தவர்களின் முகம் ஒன்றுகூட நினைவிருக்காது.

கூட வேலை செய்கிற நெட்டை, பக்கத்து நாற்காலியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னக்கா இது, பெத்த பொண்ணையே வரிசையில நிக்க வெச்சுட்டீங்க!"

மகள் சிரிக்கவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து அம்மாவைப் பார்த்தாள்.

"நான் எழுந்துக்கணுமாம்மா?"

அம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உதறிய துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மகள் நேற்று மாலைதான் வந்தாள். இன்று மாலை பஸ்ஸில் போகிறாள். போகிற இடம் தூரம், புது வேலை. இரண்டு வருஷத்துக்கு லீவு கேட்கக்கூடாது என்று சொல்லித்தான் எடுத்திருக்கிறார்கள். அவள் வரப்போகிறாள் என்று ஒரு மாதமாக வீட்டு வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்த அம்மா, மகள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போகிற கதையை ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைக்குமா, அங்கே குளிருமா, இந்தப் போர்வை தாங்குமா. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் மாதிரி அலமாரிக்கும் பெட்டிக்குமாக ஓடினாள். மாத்திரை, ஊசி நூல், பழைய துண்டு, புதிய துண்டு. பெட்டியை மூடினாள், திறந்தாள், மறுபடி அடுக்கினாள். கட்டிலில் சாய்ந்துகொண்டு மகள் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். இவள் பெட்டிக்குள் தலையை விட்டபடி "ம்... ம்..." என்றாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்கள். அவ்வளவுதான் நேற்று.

"வந்ததுலேருந்து என்னை அனுப்பிக்கிட்டே இருக்கே" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள்.

நெட்டை துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். அங்கே குழாயைத் திறந்து விட்ட சத்தம் கேட்டது.

மகளே சொன்னாள். "இன்னும் கொஞ்சம் வெட்டும்மா."

"பாதிக் கழுத்துக்கு வந்தாச்சேடி."

"பரவாயில்ல. வெட்டு."

அவள் துணியை மறுபடி மகளின் கழுத்தில் சுற்றினாள். தண்ணீர் தெளித்து, சீப்பால் படிய வாரி, ஒரு விரலகலம் எடுத்தாள். கத்தரியை இதைவிட மெதுவாக அவள் பிடித்ததே கிடையாது. தொழில் பழக்கத்தில் யார் முகத்தையும் கண்ணாடியில் பார்த்தே பழகியவள், இப்போது குனிந்து நேராகப் பார்த்தாள். பின்கழுத்தில், முடி தொடங்குகிற இடத்தில், ஒரு சுழி இருந்தது. இடுப்பில் வைத்துத் தலை துவட்டிய காலத்தில் பார்த்தது. எத்தனை சீவினாலும் படியாமல் அடம்பிடிக்கும். நீண்ட முடிக்கு அடியில் இத்தனை நாள் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"நேத்து ராத்திரி என்னமோ சொன்னியே" என்றாள்.

"நீதான் ம்னு சொன்னியே."

"சொன்னேன். ஆனா காதுல வாங்கல." சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இப்ப சொல்லு கண்ணு."

மகள் துணிக்கு அடியில் கைகளைக் கோத்துக்கொள்வது தெரிந்தது.

"போறதுக்குப் பயமா இருக்குன்னு சொன்னேன்."

போனதும் எல்லாம் சரியாகிவிடும், நாலு பேர் பழக்கமாகிவிட்டால் வீட்டு நினைப்பே வராது, இரண்டு வருஷம் இமைக்கிற நேரத்தில் ஓடிவிடும். எல்லாம் நாக்கு நுனி வரை வந்து நின்றன. எல்லாமே நாளைய பேச்சு. அவள் கத்தரியைத் தட்டில் வைத்தாள். உள்ளங்கையை அந்தச் சுழியின் மேல் வைத்தாள். ஈரம் சில்லென்றிருந்தது. பிறகு அதற்கடியில் சூடு தெரிந்தது.

"எனக்கும்தான்" என்றாள்.

கதவு திறந்தது. வாடிக்கையாக வரும் டீச்சரம்மா குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். பின்கட்டிலிருந்து நெட்டை எட்டிப் பார்த்து, "அக்கா, டீச்சர்..." என்று இழுத்தாள்.

"உக்காரச் சொல்லு."

திரும்பவில்லை. கையையும் எடுக்கவில்லை. பின்கட்டில் குழாய் ஓடிக்கொண்டேயிருந்தது. மகள் கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்தாள். அந்தக் கனம் முழுவதும் உள்ளங்கைக்கு வந்தது.

பஸ் நிறுத்தம் கடைக்கு எதிரேதான். முடி வெட்டி முடித்த கையோடு மாலை பஸ் வந்துவிட்டது. ஜன்னல் ஓரம் கிடைத்ததா என்று அவள் கேட்கவில்லை. மகள் குட்டை முடியோடு படியேறும்போது அந்தச் சுழி மட்டும் படியாமல் எழும்பி நின்றது. பஸ் திரும்புகிற வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தெரு வெறும் தெருவாகத்தான் இருந்தது. சாலையைக் கடந்து தனியாக உள்ளே வந்தாள்.

டீச்சரம்மா நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தார். நெட்டை துடைப்பத்தோடு குனிந்தாள். ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் தரையைக் கூட்டிவிடுவது இந்தக் கடை வழக்கம்.

"இருக்கட்டும்டி" என்றாள்.

நெட்டை துடைப்பத்தை மூலையில் சாத்தினாள். அவள் துணியைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, டீச்சரம்மாவின் பின்கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூக்குக் கண்ணாடிக் கம்பி அழுத்திய தடம் காதுக்குப் பின்னால் சிவப்பாக இருந்தது.

"எதாவது சொல்லிட்டிருந்தீங்களா டீச்சர்?"

"இல்லையே."

"சரி" என்று கத்தரியை எடுத்தாள். கீழே கிடந்த மகளின் ஈரக் கறுப்புச் சுருள்களின் மேல் ஒரு நரைக் கற்றை மெல்ல விழுந்தது.