உரைகல்லில் உம்மாவின் வளையல்

உம்மாவின் உடலைக் குளிப்பாட்டுவதற்காகக் கழற்றிய வளையல்களைச் சின்னம்மா முறையான சாச்சி கைரியா கொண்டுவந்து மர்சூக்கின் கையில் வைத்தார். மலேரியாவில் போன உம்மாவின் கை அவ்வளவு மெலிந்திருந்ததாம், இழுக்கவே வேண்டியிருக்கவில்லையாம். மகன் அழவேண்டிய இடம் அது. இவனோ வளையலைக் கையில் ஏந்தி எடை பார்த்தான். கண்டியில் பழைய நகை வாங்குகிறவன் அல்லவா, புத்தி எங்கே போகும்?

கடையிலிருந்து நேரே அக்குறணையிலுள்ள உம்மாவின் வீட்டுக்கு ஓடிவந்ததால் பை கூடவே இருந்தது. பின்னறைக்குப் போய் உரைகல்லை எடுத்தான். பழைய கல் உடைந்தபின் தெருவில் போனவனிடம் வாங்கியது, நல்ல கறுப்பு. வளையலை உரைத்தான். மஞ்சள் கோடு விழுந்தது. திராவகம் ஒரு சொட்டு விட்டான். கோடு நுரைத்து மறைந்தது.

தங்கமென்றால் கோடு அப்படியே நிற்கும். இது பித்தளை! உம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் தங்கை றம்லத். வேறு யார் கை பட்டிருக்கும்? அவளைக் கூப்பிட்டான். சாச்சியும் பின்னாலேயே வந்தார்.

"உம்மாட வளையல எங்க மாத்தின?"

றம்லத் வளையலையும், 'நானா' என்று தான் கூப்பிடும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நானா, உம்மா இன்னும் உள்ளுக்குக் கிடக்கிறாங்க," என்றாள்.

சாச்சி அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

நிரூபித்தே தீருவேன் என்று திராவகத்தை மறுபடி சாய்த்தான். கை தவறி, கோடே இல்லாத இடத்தில் சொட்டு விழுந்தது. அங்கேயும் நுரைத்தது.

நல்ல உரைகல் சக்கிமுக்கிக் கல்லின் இனம். திராவகம் அதை ஒன்றும் செய்யாது, கத்தியும் கீறாது. தொழிலில் முதல் பாடமே அதுதான். கத்தி முனையால் கீறினான். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. ஏதோ கறுப்புச் சுண்ணாம்புக்கல். கோட்டுக்கு அடியிலிருந்த கல்லைத்தான் திராவகம் தின்றிருக்கிறது. வளையலிலேயே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். தங்கம் அசையவில்லை.

சீ, என்ன மனிதன் நான் என்று அவனுக்கே கூசியது. நிமிர்வதற்குள் றம்லத் மையித்தைக் குளிப்பாட்டப் போய்விட்டாள். கல்தான் பிழை என்று சாச்சியிடம் சொன்னான். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, ஜனாஸாவைத் தூக்குமுன், வழக்கப்படி மூத்த மகனான மர்சூக் முற்றத்தில் நின்று உம்மாவுக்காக மன்னிப்புக் கேட்டான்.

"எங்கட உம்மா யாருக்கும் குத்தம் குறை செஞ்சிருந்தா பொருந்திக்கொள்ளுங்க."

பொருந்திக்கொண்டோம் என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள். "நானும் ஒரு குத்தம் செஞ்சிட்டேன்..." என்று தொடங்கினான். பெண்கள் இருந்த திரைப் பக்கம் திரும்பினான்.

திரைக்குப் பின்னாலிருந்து றம்லத்தின் குரல் வந்தது.

"உம்மாவ நான் பொருந்திட்டேன்."

மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்பக்கத்தில் அவன் தோளுக்கென்று இடம் விட்டிருந்தார்கள். அவன் திரையைப் பார்த்தபடியே நின்றான்.