இரண்டாயிரத்து நூற்று அறுபத்து மூன்றாவது இடம்

லுபர்ட் டைக்ஹவுஸ் இறந்த செவ்வாய்க்கிழமையன்று மின்சார வரிசையில் அவருடைய எண் இரண்டாயிரத்து நூற்று அறுபத்து மூன்று. ஆகவே அவர் போகவில்லை.

மிச்சிகனில் ஹாலண்ட் ஊருக்குத் தெற்கே புளூபெரிப் பழங்களை உறையவைக்கும் கிடங்கு ஒன்று அவருக்கு இருந்தது. அங்கே எரிவாயுவை யாரிடமும் பேரம் பேசி வாங்கலாம். மின்சாரம் அப்படியல்ல. மாநிலம் முழுக்கச் செலவாகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் வெளி வியாபாரிகள் விற்கலாம் என்பது சட்டம். அந்தப் பங்கு நிரம்பி வழிந்ததால், மற்றவர்கள் மின் கம்பெனி கேட்ட விலையைக் கொடுத்துக்கொண்டு வரிசையில் காத்திருந்தார்கள். விண்ணப்பித்தவர் இறந்தால் இடம் போயிற்று. மனைவி பெயருக்கும் மாற்ற மாட்டார்கள். மருத்துவர் எழுதிய இறப்புச் சான்றிதழை லுபர்ட் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குளிர் தாங்கும் என்பதால் இரண்டாம் உறைபதன அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் பாதிரியார் இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "போக வேண்டிய எடத்துக்குப் போகாம இப்படி ஒக்காந்திருக்கறது நல்லாவா இருக்கு, லுபர்ட்?"

"அங்கயும் வரிசைதானே, பாதிரியாரே. இதுல பாதி நின்னாச்சு."

பாதிரியார் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

வரிசை சில வருடம் நகர்ந்தது, சில வருடம் நின்றது. லுபர்டின் மனைவி ட்ரீனா தினமும் நான்கு மணிக்குப் பட்டாணி சூப்போடு போனாள். அவர் குடிப்பதில்லை, அது உறையும்வரை கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பேசுவதைக் கேட்பார். ஜூலையில் "இப்ப எரிவாயு விலையப் பேசி முடிச்சுடு" என்பார். ஒரு வருடமும் தப்பவில்லை. கிராண்ட் ராப்பிட்ஸிலிருந்து அவள் தங்கை வந்து, "செத்தவனுக்குக் காவல் இருக்கியா? என்கூட வந்துடு" என்றாள். "வரிசை நகரட்டும்" என்றாள் ட்ரீனா. இரண்டு முறை அவருடைய உடுப்புகளைத் தானத்துக்குக் கட்டி வைத்து, இரண்டு முறையும் அவிழ்த்துவிட்டாள்.

பதின்மூன்றாம் வருடம் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது; முப்பது நாளுக்குள் ஒப்பந்தம் போட வேண்டும், இல்லாவிட்டால் கடைசிக்குப் போக வேண்டும். வெளி வியாபாரி ஒருவரிடம் ட்ரீனா விலை எழுதி வாங்கினாள். கம்பெனி விலையைவிட யூனிட்டுக்கு ஒன்றரை சென்ட் குறைவு. அன்று இரவு முழுக்க அந்தத் தாள் தலையணைக்கடியில் இருந்தது. மறுநாள் நான்கு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அரை சென்ட்டுக்காக எரிவாயுக்காரனை மூன்று மணி நேரம் நிற்க வைத்த மனிதர் லுபர்ட். கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தார்.

"கூடுதலா இருக்கே" என்றார்.

ட்ரீனா அவர் முகத்தைப் பார்த்தாள். தாளை வாங்கிப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஆமா. ரொம்பத்தான் கேக்கறான்."

"இந்த வெலைக்குக் கையெழுத்துப் போடறவன் முட்டாள். மறுபடி கடைசில நின்னுக்கலாம்."

"நிக்கலாம். ஆனா அந்த நாற்காலி கால் ஆடுது. நாளைக்கு வேற கொண்டாறேன்."

புது எண் ஆறாயிரத்து நூற்று நாற்பது. மறுநாள் ட்ரீனா இரண்டு நாற்காலிகளாகக் கொண்டுபோனாள்.