செம்பு நிற இயர்போன்

உச்சிப்புளி கடைத்தெருவில் ஹமீது சுல்தான் வைத்திருந்த செல்போன் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் போனால், ரீசார்ஜ் செய்ய வந்தவர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருப்பார்கள். கடையில் இருந்த ஒரே நாற்காலியில் குருநாதன் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். இரண்டு காதிலிருந்தும் கம்பி தொங்கும். அவர் கண்ணைத் திறக்கிறவரை ஹமீது யாரையும் சத்தமாகப் பேச விடமாட்டார். அவசரம் என்று யாராவது முணுமுணுத்தால், "செத்த இருங்க, கேட்டுக்கிட்டு இருக்காருல்ல" என்பார்.

குருநாதனுக்கு ஊருக்கு வடக்கேயும் கிழக்கேயும் மிளகாய்க் கொல்லையும் கொஞ்சம் வயலும் இருந்தன. மழையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் மற்றவர்கள் பேசுகிற அளவுக்குத்தான் அவரும் பேசுவார். காதுக்குள் செருகுகிற இயர்போனைப் பற்றி மட்டும், கேட்கிறவர் எழுந்து போனாலும் நிறுத்தாமல் பேசுவார். 2006-ல் ஒருநாள் போனை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவர் காதில் ஹமீது ஒன்றைச் செருகிவிட்டதில் வந்த வினை அது. முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பழைய பாட்டுதான் ஓடியது. அடுத்த வரியைப் பாடுவதற்கு முன்னால் அந்தப் பாடகி மூச்சு வாங்கினாள். குருநாதன் கண்ணைத் திறந்து, "மாப்ள, மூச்சு வாங்குறது கேக்குதுடா" என்றார். போனை வாங்கிக்கொள்ளாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஹமீதின் மச்சினன் துபாயில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை பார்த்தான். புதிதாக வருகிற மாடல்களை ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவான். வந்ததும் குருநாதனுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் கேட்கிற முறை மாறாது. அதே பிளேயர், அதே அளவு சத்தம், ஒரு நாகஸ்வரப் பதிவு, அந்தப் பழைய பாட்டு. கேட்டு முடித்துத் தீர்ப்புச் சொல்வார்.

"அடி நல்லா இருக்கு. ஆனா அந்த அடி வந்து பாட்டு மேல ஏறி உக்காந்துக்கிருது."

"இதுல பாடுறவ கதவுக்கு அங்கிட்டு நின்னு பாடுறா."

"தவுலுல தோலுதான் கேக்குது. கட்டையக் காணோம்."

ஹமீதும் கேட்டுப் பார்த்துத் தலையாட்டுவார். பக்கத்துக் கடற்படை விமானத் தளத்திலிருந்து கடைக்கு வருகிற நேவிக்காரப் பையன்கள்கூட, தமிழ் தெரியாதவர்கள், பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "குருநாதன் சார் ஓகே?" என்று கேட்டுத்தான் வாங்குவார்கள்.

அடுத்த வருஷம் ஒரு கறுப்பு மாடல் வந்தது. குருநாதன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஹமீது வாங்கிப் பார்த்தார்.

"மச்சான், ஒரு பக்கம் காது ரப்பரக் காணோமே."

"வரும்போதே இல்ல மாப்ள."

"இருந்துச்சு மச்சான். நாந்தானே பிரிச்சுக் கொடுத்தேன்."

"இல்லங்கிறேன். ஒன் மச்சினன் பெட்டியில போடாம விட்டுருப்பான்."

அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஹமீது துபாய்க்குப் போன் போட்டுக் கேட்க, மச்சினன் கோபித்துக்கொண்டு கொஞ்ச காலம் எதுவும் அனுப்பாமல் இருந்தான்.

மறுபடி அனுப்ப ஆரம்பித்தபோது, வந்த ஒவ்வொன்றிலும் குருநாதன் ஒரே குறையைக் கண்டார். இடது பக்கம் சத்தம் பத்தவில்லை. வெள்ளி நிறத்தில் ஒன்று வந்தது. ஹமீதுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. "இடது பக்கம் பானைக்குள்ள இருந்து பாடுறாக" என்று குருநாதன் ஒதுக்கிவிட்டார். அதற்கு அடுத்து வந்ததும் அப்படித்தான். "இப்பல்லாம் எவனும் ஒழுங்காச் செய்யிறதில்ல மாப்ள. வலது பக்கத்த மட்டும் பாத்துச் செஞ்சுட்டு வுட்டுர்றாய்ங்க."

கடைசியில் செம்பு நிறத்தில் ஒன்று வந்தது. அதைக் காதில் போட்டதும் குருநாதனின் முகம் மலர்ந்தது. இடது பக்கமும் கேட்டது. குரல் தெளிவாக முன்னால் வந்து நின்றது. "இதுதான் மாப்ள" என்றார்.

ஹமீது வாங்கிக் கேட்டார். ஜால்ரா ஒவ்வொரு தட்டுக்கும் மண்டைக்குள் ஆணி அடித்தது.

"மச்சான், ஊசி குத்துற மாதிரில இருக்கு."

"ஒனக்குக் காது பழகல. ரெண்டு நாள் கேளு."

ஹமீது இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு, மச்சினனிடம் ஒரு பெட்டி நிறைய அனுப்பச் சொன்னார். குருநாதன் காதை நம்பலாம், தன் காதை எப்படி நம்புவது என்று அவருக்குத் தோன்றியது. கடையில் எழுதி ஒட்டாமலே, குருநாதன் சொன்னது என்ற ஒரு வார்த்தையில் அது விற்றது. ஆட்டோ ஓட்டுகிற பாக்கர் முதல் ஆளாக வாங்கிப் போட்டுக்கொண்டான்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு காரியம் நடந்திருந்தது. வடக்குக் கொல்லையில் மிளகாய்க்குப் பதிலாகப் பருத்தி முளைத்திருந்தது. குருநாதன் வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். தன்னைக் கேட்காமல் யார் பருத்தி போட்டது என்று கேட்க வாயெடுத்தவர், ஒருவேளை தானே சொல்லி மறந்துபோயிருந்தால் என்ன செய்வது என்று நினைத்துப் பேசாமல் வந்துவிட்டார். மனைவி வெள்ளையம்மாளோ அந்த நாட்களில் நல்ல மனநிலையில் இருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதற்கெல்லாம் மறுபேச்சில்லாமல் அவர் தலையாட்டியது அப்போதுதான். சாப்பிடும்போது இடது பக்கம் உட்கார்ந்து பரிமாறுவது அவள் வழக்கம்.

ஊரும் அவருக்கு அமைதியாகிவிட்டிருந்தது. நேவி விமானங்கள் முன்போல் பறப்பதில்லை என்று டீக்கடையில் சொன்னார். "நேத்துக்கூட ஓட்டுக்கு மேல போச்சேப்பா" என்று ஒருவர் சொன்னபோது, அவர் சும்மா விவாதத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார். வயதாக ஆக மனசு அடங்குகிறது, அதனால் உலகமும் அடங்குகிறது என்று குருநாதனுக்கு ஒரு எண்ணம். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

விஷயம் வெளியே வந்தது ஒரு நேவிப் பையனால். அவன் வெள்ளி நிறத்தைக் கேட்டுவிட்டு, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது என்று கையைத் தராசுபோல் வைத்துக் காட்டினான். குருநாதன் வாங்கிக் கேட்டு, இடது பக்கம் குறைவு என்று கையைச் சாய்த்துக் காட்டினார். அவன் மறுபடி சமமாக வைத்தான். இவர் மறுபடி சாய்த்தார். நாலைந்து தடவை ஆனதும் ஹமீது, "மச்சான், ஒண்ணு செய்யுங்க. இடத வலதுலயும் வலத இடதுலயும் மாத்திப் போட்டுப் பாருங்க" என்றார்.

"அது மொறையில்ல மாப்ள. செருப்ப மாத்தியா போடுறோம்?"

"ஒரு தடவ போடுங்க."

போட்டார். கண்ணை மூடினார். கடையில் எல்லாரும் காத்திருந்தார்கள்.

"என்ன மச்சான்?"

"இப்பவும் இடது பக்கம் கம்மி."

"அப்ப?"

குருநாதன் யோசித்தார். "பிளேயருல கோளாறு."

வேறு பிளேயர் எடுத்து மாட்டினார்கள். அதிலும் கம்மி. ஹமீது பாட்டை நிறுத்திவிட்டு, குருநாதனின் இடது காதுப் பக்கமாகக் குனிந்து, மெதுவாக, "மச்சான், டீ சாப்புடுறீகளா?" என்று கேட்டார். குருநாதன் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

"நான் என்ன கேட்டேன்?"

"ஏதோ கேட்ட. சரின்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. குருநாதன் இயர்போனைக் கழற்றிச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தார். தனக்குத் தெரிந்த ஒரே வித்தை போய்விட்டது என்று நினைத்தார். மிளகாயை யார் வேண்டுமானாலும் போடுவார்கள்.

மறுநாள் காலையில் ஹமீது கடையை அடைத்துவிட்டு, அவரை ராமநாதபுரத்துக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். இறங்கும்போது குருநாதன், "காதுல மெசினு மாட்டச் சொன்னா மாட்ட மாட்டேன்" என்றார்.

காது டாக்டர் ஒரு நடுவயதுப் பெண்மணி. விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு காதுக்குள் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். "ஆடாம இருங்க" என்று சொல்லி, நீளமான இடுக்கியை உள்ளே விட்டு எதையோ பிடித்து இழுத்தார். குருநாதனுக்கு மண்டைக்குள் சாக்கை இழுப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பிறகு திடீரென்று மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி கடகடவென்று கத்த ஆரம்பித்தது. வெளியே பஸ் ஹாரன், வராந்தாவில் ஒரு குழந்தையின் அழுகை, பக்கத்தில் நின்ற நர்ஸின் வளையல், எல்லாம் இடது பக்கமாக உள்ளே ஏறி வந்தன. குருநாதன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. வலி என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

எஃகுத் தட்டில் அழுக்கு மூடிய ஒரு சின்னக் குப்பிபோல் ஏதோ கிடந்தது. ஹமீது கிட்டப்போய்ப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இது எங்க கடைச் சரக்கு. கறுப்பு மாடலோட ரப்பரு. நடு சைஸு."

"எவ்வளவு நாளா உள்ள இருக்கு?"

"பத்து மாசத்துக்கு மேல இருக்கும். ஏம் மச்சினன் சண்டை போட்டதுலருந்து."

டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். காதில் எதையும் செருகக் கூடாது, ஒரு மாதத்துக்கு, என்றார். குருநாதன் அந்த ஒரு மாதம் என்பதை மட்டும் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். வெளியே வந்ததும், "ஒன் மச்சினன்கிட்ட நான் பேசுறேன் மாப்ள. தப்பு எம்மேலதான்" என்றார். அங்கேயே போன் போட்டுப் பேசவும் செய்தார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் வெள்ளையம்மாள் இடது பக்கம் உட்கார்ந்து, தன் போக்கில், "கெழக்குக் கொல்லையிலயும் பருத்தியே போட்டுருவமா?" என்றாள்.

"கெழக்குலயுமா? வடக்குல போடச் சொன்னது யாரு?"

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நீகதான். கேட்டேன், சரின்னு தலையாட்டுனீக."

"எனக்குக் கேக்கல."

"அப்ப எந்தம்பி மகளுக்கு வளையல் போடுறதுக்குத் தலையாட்டுனது?"

குருநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். எதற்கெல்லாம் தலையாட்டினோம் என்று தெரியாத ஒரு மனிதன் எதை மறுப்பது? பத்து மாதமாகத் தன் பேச்சை மதித்து நடந்தார் என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள்.

"அந்த டாக்டருக்கிட்ட நீக போயிருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் பேசவில்லை. அந்த மௌனம் இரண்டு காதிலும் சமமாகக் கேட்டது.

ஒரு மாதம் கழித்து குருநாதன் கடைக்குப் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். வெள்ளி நிறத்தைப் போட்டதும் நாகஸ்வரம் நடுவில் நின்றது. தவில் அதற்குச் சற்றுத் தள்ளி, கட்டையோடும் தோலோடும் கேட்டது. எதுவும் எதன் மேலும் ஏறி உட்காரவில்லை. பிறகு செம்பு நிறத்தைப் போட்டார். போட்ட வேகத்தில் பிடுங்கினார்.

"மாப்ள, இதையா நான் நல்லதுன்னேன்?"

"ஆமா மச்சான்."

"இத எத்தன பேருக்குக் கொடுத்த?"

ஹமீது அட்டைப் பெட்டியைச் சாய்த்துக் காட்டினார். அடியில் மூன்றோ நான்கோதான் மிச்சம்.

குருநாதனுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் ஸ்டாண்டில் பாக்கரைப் பிடித்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தான் சொன்னது தப்பு, வெள்ளி நிறத்தைத் தருகிறேன், செம்பைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றார்.

பாக்கர் இயர்போனைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டான். "எனக்கு இது பழகிருச்சுண்ணே. ஆட்டோ எஞ்சினு சத்தத்துல இதுதான் கேக்குது. ரப்பரு உள்ள இருந்தப்ப நீக சரியாத்தான் சொன்னீக."

அடுத்து இரண்டு பேரிடம் போனார். அவர்களும் தரவில்லை. ஒருவன், மாற்றிக் கொடுப்பதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, செம்பு நிறத்தை உறைபோட்டு வைத்துக்கொண்டான். நல்ல பொருள், கம்பெனி நிறுத்தப்போகிறது, அதனால்தான் குருநாதன் திரும்ப வாங்கப் பார்க்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பெட்டியில் மிச்சம் இருந்தவை அந்த வாரமே விற்றுப்போயின.

"இன்னொரு பெட்டி அனுப்பச் சொல்லவா மச்சான்?" என்றார் ஹமீது.

"வேணாம்."

"கேக்குறாகளே."

குருநாதன் நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளி நிறத்தை எடுத்தார். இரண்டு ரப்பரையும் விரலால் இழுத்து, கழன்று வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. காதில் செருகிக்கொண்டு கண்ணை மூடினார். ரீசார்ஜுக்கு வந்த ஒருவர் வாயைத் திறக்க, ஹமீது கையமர்த்தினார்.