பூந்தி நடத்திய பவனி

லாசரஸுக்கு எதையும் வீட்டு அளவில் வாங்கத் தெரியாது. திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகத் தரம் பார்க்கிற மேனேஜர். தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, "இது தாங்காது" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டால் அந்தப் பொருள் வாசல் தாண்டாது. அதனால்தான் இரும்புலியூரில் அவர் வீட்டு அடுப்படியில் மிக்ஸிக்குப் பதிலாக ஓட்டல் கிரைண்டர் இருக்கிறது. அதைப் போட்டால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். வாசல் கேட்டைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும். மொட்டைமாடிக்கென்று வாங்கிவைத்திருக்கிற ஏணியில் யானையே ஏறலாம். இப்படிப்பட்ட மனுஷனை நாய் வாங்க அனுப்பினால் என்ன நடக்கும் என்று யாராவது யோசித்திருக்க வேண்டும்.

தெருவில் இரண்டு பைக் களவு போனதும் நாய் வேண்டும் என்று ஆரம்பித்தது பிளஸ் டூ படிக்கிற மகன் ஆரோன். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் பிளஸ்ஸி ஒத்து ஊதினாள். அம்மா ஞானசௌந்தரி கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சின்னதாக, சாதுவாக, ஒரு மூலையில் கிடக்கிற மாதிரி இருந்தால் சரி என்றாள். லாசரஸ் குன்றத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போய், பெல்ஜியன் மாலினாய்ஸ் குட்டி ஒன்றோடு வந்து இறங்கினார். போலீஸிலும் ராணுவத்திலும் வைத்திருக்கிற ஜாதி. அதிலும் இது கண்காட்சிக்கு நிறுத்துகிற பரம்பரை இல்லை, தலைமுறை தலைமுறையாக வேலைக்கென்றே வளர்த்த பரம்பரை என்று பண்ணைக்காரர் சொன்னாராம். அதற்கப்புறம் இவருக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

"ஹெவி டியூட்டி," என்றார் மனைவியிடம், பெருமையாக.

அந்த ஹெவி டியூட்டி, கூடையை விட்டு இறங்கிய முதல் நிமிஷமே பூந்தி டப்பாவைக் கவிழ்த்து, ஹால் முழுக்க இறைத்து, அதன் மேலேயே சறுக்கி விளையாடியது. நாய்க்கு வேதாகமப் பெயர் எதுவும் வைக்கக் கூடாது என்று ஞானசௌந்தரி ஏற்கெனவே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆகவே பூந்தி என்றே பெயர் நின்றுவிட்டது.

பூந்தி ஆண் நாய். ஒன்பது மாதத்தில் ஞானசௌந்தரியின் இடுப்புக்கு வளர்ந்துவிட்டது. சோபாவில் இரண்டைத் தின்றது, மூன்றாவதைச் சும்மா பிரித்துப் பார்த்தது. ஆனால் உண்மையான தொல்லை அது இல்லை. அது தூங்கவே தூங்காது. பகலில் கண்ணை மூடி யாரும் பார்த்ததில்லை. ஒருவர் அடுப்படியிலும் ஒருவர் மாடியிலும் இருந்தால் அதற்குப் பொறுக்காது. தோளால் முட்டியும் சேலை முந்தானையைக் கவ்வியும் இழுத்து ஹாலில் கொண்டுவந்து சேர்க்கும். கடிக்காது, ஆனால் விடவும் விடாது. பல் தேய்த்துக்கொண்டிருந்த பிளஸ்ஸியை நுரையோடு கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. இரவு ஜெபத்துக்கு அவள் ஷிஃப்டில் இருந்தபடி வீடியோ காலில் வந்தால், போனைச் சுற்றிச் சுற்றி வந்து அவளை வெளியே எடுக்கப் பார்க்கும்.

காலை ஐந்து மணிக்கு அதை நடத்திக் கூட்டிப் போவது யார்? நாய் கேட்ட இரண்டு பேரும் இல்லை, வாங்கிவந்தவரும் இல்லை. ஞானசௌந்தரிதான் போனாள். நடத்தி என்று சொல்வது மரியாதைக்கு. பார்த்தவர்கள் டீச்சர் ஓட்டப் பந்தயத்துக்குத் தயாராவதாக நினைத்தார்கள்.

நாய் பழக்குகிற தீனாவை வரவழைத்தார்கள். அவன் ஒரு மணி நேரம் திண்டாடிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஞானசௌந்தரியிடம் சொன்னான்: "யக்கா, நாய் மேல தப்பே இல்ல. இது ஆடு மேய்க்கிற ஜாதி. மந்தை மொத்தமா கீதான்னு எண்ணிகினே கெடக்கும். ஒங்க வூட்ல கீறதே நாலு பேரு. ஒருத்தர் கம்பெனி, ஒருத்தர் ஸ்கூலு, ஒருத்தர் ஷிஃப்டு, தம்பி கிரிக்கெட்டு. நாலும் ஒண்ணா குந்தி அது பார்த்ததே கெடையாது. எண்ணிக்கை நெறையல, அதான் பேஜாராயி சுத்திகினு கீது."

அதற்கு மருந்து என்ன என்று கேட்டாள். நாலு ஆடு வாங்கிக் கட்டுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவளுக்குச் சுருக்கென்றது. எண்ணிக்கை நிறையாத கதை அவளுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் இடது பக்கம் கடைசிக்கு முந்தின பெஞ்சு அவளுடையது. நாலு பேர் தாராளமாக உட்காரலாம். ஏழு வருஷமாக அதில் அவளும் அவள் கைப்பையும்தான் உட்காருகிறார்கள். பிளஸ்ஸி தூங்குவாள், ஆரோன் மைதானத்தில் இருப்பான், லாசரஸுக்கு ஞாயிறு காலையில்தான் கம்பெனியிலிருந்து போன் வரும். போனைக் காதில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தபடி, நீ கிளம்பு என்று கையாலேயே சைகை காட்டுவார். ஓய்வு நாளில்கூட மனுஷனை விடமாட்டேன் என்கிறார்களே என்று பரிதாபப்பட்டு, ஹாட் பாக்ஸில் நாலு இட்லி கூடுதலாக வைத்துவிட்டுப் போவாள்.

பங்குனியில் பொறுமை தீர்ந்தது. மாலை ட்யூஷனுக்கு வருகிற பன்னிரண்டு பிள்ளைகளையும் பூந்தி ஒரு நாள் மாடிப்படிக்கு அடியில் ஓட்டிவைத்து, முன்னால் படுத்துக்கொண்டது. ஏழு மணிக்கு முடிய வேண்டிய ட்யூஷன் எட்டேகால் வரை போனது. வெளியே பெற்றோர் கூட்டம், உள்ளே பிள்ளைகள் கும்மாளம், அந்தக் கேட்டைத் திறக்கவோ இரண்டு ஆள் வேண்டும். மறுநாளே ஞானசௌந்தரி தீர்ப்பு எழுதிவிட்டாள். லாசரஸின் நண்பர் ஜெபகுமார் தன் ஒர்க்‌ஷாப்புக்குக் காவல் நாய் தேடிக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, வேனோடு வந்து பூந்தியைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பிளஸ்ஸி அழுதாள். ஆரோன் ஒரு வேளை சாப்பிடவில்லை. லாசரஸ், அதை நல்லா பார்த்துப்பாங்க என்று மூன்று முறை சொன்னார், மூன்று முறையும் தொண்டையைச் செருமினார். மூவரில் யாராவது நாளையிலிருந்து நான் நடத்திக் கூட்டிப்போகிறேன் என்று சொல்வார்களா என்று ஞானசௌந்தரி பார்த்தாள். யாரும் சொல்லவில்லை.

அவளுக்கு அந்த ஞாயிறு வேறொரு கவலையும் இருந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் புதுச் செயலாளர் அவள். குருத்தோலைப் பவனி அவள் பொறுப்பு. அந்தப் பவனியின் லட்சணம் ஊருக்கே தெரியும். காலை ஆறரைக்கு நூற்றைம்பது பேர் ஓலையோடு கிளம்புவார்கள். முதல் தெருவில் பாட்டு காதைப் பிளக்கும். இரண்டாவது தெருவில் துரையின் டீக்கடை. மூன்றாவது தெருவில் அவரவர் வீடு, வீட்டில் இட்லி. கோவிலுக்குத் திரும்பும்போது ஆயரும் பாடகர் குழுவும் நாற்பது பேரும் மிஞ்சுவார்கள். போன வருஷச் செயலாளர் ஹில்டா, "இந்த வருஷம் எத்தனை பேர் திரும்பி வராங்கன்னு பார்ப்போம் டீச்சர்," என்று எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். அந்தச் சிரிப்பு ஒரு வாரமாக ஞானசௌந்தரியின் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

தன் வீட்டிலிருந்தாவது ஆள் சேர்க்கலாம் என்று பிளஸ்ஸியையும் ஆரோனையும் அதட்டி எழுப்பி ஓலையைக் கையில் திணித்தாள். பூந்தியை மொட்டைமாடியில் விட்டுக் கதவைச் சாத்தினாள். லாசரஸ் கட்டிலில் சாய்ந்து போன் பேசிக்கொண்டு, கையால் சைகை காட்டினார். முந்தின நாள் தண்ணீர்த் தொட்டி கழுவ மாடிக்கும் தெருவுக்குமாகச் சாத்திய ஏணியை அவர் இன்னும் எடுத்துவைக்கவில்லை என்பதையும், கிளம்பிய அவசரத்தில் கேட்டைத் திறந்தபடியே விட்டதையும் அவள் கவனிக்கவில்லை.

பவனி கிளம்பியது. வெள்ளைச் சேலையில் முன்வரிசையில் நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தனக்குத் தானே கட்டளை போட்டுக்கொண்டாள். பார்த்தால் தலைகளை எண்ண ஆரம்பித்துவிடுவாள். இரண்டாவது தெருவில் வழக்கம்போல ஓசன்னா பாட்டு மெலிந்தது. துரையின் டீக்கடையில் கண்ணாடித் தம்ளர் ஓசை கேட்டது. மூன்றாவது தெருவில், அவள் வீட்டைத் தாண்டும்போது, ஒவ்வொரு கேட்டாகத் திறந்து மூடுகிற சத்தம். ஆண்டவரே, ஒரு அறுபது பேராவது, என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

மாடிக் கைப்பிடிச் சுவரில் முன்னங்காலை ஊன்றி இதையெல்லாம் பூந்தி பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய மந்தை, அதன் கண்ணெதிரே, பக்கத்துக்கு ஒன்றாகக் கலைந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் அதனால் முடியவில்லை. யானை ஏறக்கூடிய ஏணியில் நாய் இறங்கியது.

நாலாவது தெருவில் ஞானசௌந்தரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. பின்னால் பாட்டு குறையவில்லை, கூடிக்கொண்டே வந்தது. சுருதி சேரவில்லை, சிலர் பாட்டுக்குப் பதில் ஐயோ அம்மா என்றார்கள், ஆனால் சத்தம் பெரிதுதான். ஜெபம் இவ்வளவு சீக்கிரம் கேட்கப்படுமா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. கோவில் வாசலை அடைந்த பிறகுதான் திரும்பினாள்.

தெரு நிறைய ஜனம். டீ தம்ளரோடு பத்துப் பதினைந்து பேர். நடுவில் ஆரோன், கையில் பாதி பஜ்ஜி. சட்னி காயாத கையோடு ஒரு கமிட்டி மெம்பர். டீ வடிகட்டியைப் பிடித்தபடி துரை. அரைக்கால் சட்டையில் நடைப்பயிற்சிக்குப் போன இரண்டு பேர். குன்றத்தூர் முருகன் கோவிலுக்குக் கிளம்பி பஸ்ஸுக்கு நின்ற ஒரு குடும்பம், பூக்கூடையோடு. சரி, ஒரு நடை இங்கேயும் வந்துட்டுப் போறோம் என்றார் அந்த அம்மா சமாதானமாக. எல்லாருக்கும் முன்னால், குறுக்குச் சந்து வழியாக வீட்டுக்கு நழுவப் பார்த்த ஹில்டா, முந்தானையில் பூந்தியின் எச்சிலோடு. இந்தக் கூட்டத்தைச் சுற்றி, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு ஓரம் பிதுங்கினால் அங்கே ஓடி, மறு ஓரம் பிதுங்கினால் இங்கே ஓடி, ஒன்பது மாதத்தில் முதல் முறையாகச் சந்தோஷமான முகத்தோடு பூந்தி.

வாசலில் தலை எண்ணுகிற ஏசுதாசன் இரண்டு தடவை எண்ணினார். போனது நூற்று ஐம்பத்திரண்டு, வந்தது நூற்று எழுபத்தொன்பது. ஆயர் அதைக் கேட்டு, சபை வளருகிறது என்று மட்டும் சொன்னார்.

பூந்தி ஞானசௌந்தரியை மோந்தது. ஆரோனை மோந்தது. கடைசியாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த பிளஸ்ஸியை மோந்தது. ஒரு கணம் நின்றது. பிறகு யாரும் பிடிப்பதற்குள் வந்த வழியே பாய்ந்து ஓடிவிட்டது.

நாயை எப்படி வெளியே விட்டீர்கள் என்று கேட்க ஞானசௌந்தரி போனை எடுத்தாள். அதற்குள் தெருமுனையில் லாசரஸே தெரிந்தார். பனியன், லுங்கி. லுங்கியின் ஓரம் பூந்தியின் வாயில். ஒரு கையால் இடுப்பு முடிச்சைக் காப்பாற்றிக்கொண்டு, மறு கையால் போனைக் காதோடு அழுத்தியபடி ஓட்டமும் நடையுமாக வந்தார். நூற்று எழுபத்தொன்பது பேரைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். "லோடு கிளம்பிடுச்சா? சரி, சரி, பில் காப்பி அனுப்பிடுங்க."

ஞானசௌந்தரி பட்டனை அழுத்தினாள்.

லாசரஸின் காதிலேயே போன் அடித்தது. அவர் போனிலும் ஹெவி டியூட்டி ஆசாமி; கம்பெனி இரைச்சலில் கேட்க வேண்டும் என்று வைத்த ரிங்டோன் கோவில் சுவரில் மோதித் திரும்பியது. அவர் போனைக் கண்ணெதிரே கொண்டுவந்து பார்த்தார். திரையில் மனைவி பெயர். தலையைத் தூக்கினார், எதிரே மனைவி.

"லைன் கட்டாயிடுச்சு," என்றார்.

ஏழு வருஷம். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு, ஞாயிறுக்கு நாலு இட்லி. கணக்கு டீச்சருக்குப் பெருக்கிப் பார்க்க நேரம் ஆகவில்லை. இத்தனை பேர் முன்னால் என்ன கேட்பது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது, பூந்தி லுங்கியை விட்டது. நாலு பேரையும் சுற்றி ஒரு முறை மெதுவாக நடந்தது. பிறகு அவர்கள் காலடியில் பொத்தென்று விழுந்து, பெருமூச்சு விட்டு, கண்ணை மூடிக் குறட்டை விட ஆரம்பித்தது.

வெயில் ஏறின நேரத்தில் அது தூங்கி அவள் பார்த்ததே இல்லை. எண்ணிக்கை நிறைந்துவிட்டது. 

லுங்கியோடு உள்ளே விட முடியாது என்று ஏசுதாசன் பாடகர் குழுவின் வெள்ளை அங்கி ஒன்றை எடுத்துவந்து லாசரஸுக்கு மாட்டிவிட்டார். ஆரோன் நாயைத் தூக்கிவந்து பெஞ்சுக்கு அடியில் கிடத்தினான். அது விழிக்கவே இல்லை. அந்தப் பெஞ்சில் அன்று கைப்பைக்கு இடமில்லாமல் ஞானசௌந்தரி அதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று முகத்தை மட்டும் உர்ரென்று வைத்துக்கொண்டாள்.

பிரசங்கம் முழுக்கக் குறட்டை கேட்டது. சிலர் லாசரஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஜெபகுமாருக்குப் போன் போட்டாள். "நாளைக்கு வேன் வேண்டாம் அண்ணா. அதுக்கு இங்கயே வேலை கிடைச்சிருச்சு." வைத்துவிட்டு மற்ற மூன்று பேரையும் பார்த்தாள். காலை நடைக்கு ஆளுக்கு இரண்டு நாள், ஞாயிறு நாலு பேரும், என்றாள். ஆரோனும் பிளஸ்ஸியும் மூச்சுவிடாமல் தலையாட்டினார்கள்.

லாசரஸ் மெதுவாக, அடுத்த ஞாயிறு ஈஸ்டர் அன்றைக்கு ஒரு முக்கியமான லோடு, என்று ஆரம்பித்தார்.

பெஞ்சுக்கு அடியில் குறட்டை நின்றது. பூந்தி ஒரு கண்ணைத் திறந்து அவர் லுங்கி ஓரத்தைப் பார்த்தது.

லாசரஸ் போனை அணைத்தார். அங்கியில் எங்கே தடவியும் பாக்கெட் அகப்படாததால் மனைவியின் கைப்பையைத் திறந்து அதற்குள் போட்டார்.