தெற்கறைச் சாவி

வாய்க்கரிசி போடக் குனிந்தபோதுதான் உதயகலா அதைக் கவனித்தாள். கணவன் சிவகரனின் வலக்கைச் சுட்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல், கமராப் பொத்தானில் வைத்ததுபோல் வளைந்திருந்தது. குளிப்பாட்டியவர்கள் எவ்வளவு நீவியும் நிமிரவில்லையாம்.

கனடாவிலிருக்கும் சொந்தக்காரருக்காக ஒருவர் வீடியோ பிடித்துக்கொண்டிருந்தார்.

"வெளிச்சத்தை மறைக்காதை, தள்ளி நில்லெண்டு அண்ணை இப்பவும் பேசுவார்," என்றான் சிவகரனின் தம்பி ஜெயதீபன். சிரித்தவன் அப்படியே அழுதுவிட்டான்.

உதயகலா அழவில்லை.

நடுவில் முற்றம் வைத்த பழைய நாற்சார் வீடுகளில் அவள் கலியாணங்களை ஒழுங்கு செய்வாள், கணவன் படமெடுப்பான். நேற்று உடுவிலில் அப்படியொரு வீட்டில் ஆரணியின் கலியாணம். முகூர்த்தம் பத்து இருபத்திரண்டுக்கு. பத்து மணிக்கு அவனைத் தேடித் தெற்கறைக்குள் போனாள். கதிரையில் சாய்ந்திருந்தான். கண்கள் திறந்திருந்தன. மூச்சில்லை, நாடியில்லை. கழுத்தில் அவனுடைய ஒரே கமரா.

வெளியே மேளம் கேட்டது. ஆரணிக்கு இரண்டு தரம் குழம்பி, மூன்றாம் தரம் பொருந்தி வந்த கலியாணம். சாவென்று ஒரு சொல் வந்தால் இதுவும் நின்றுவிடும்.

கதவைப் பூட்டினாள். சாவியைப் பொத்திய கையாலேயே தாலித் தட்டை ஏந்திச் சபைக்குக் கொண்டுபோனாள். சுமங்கலியென்று நம்பி எல்லோரும் தொட்டு வணங்கினார்கள். பந்தி நடக்கும்போதுதான் கதவைத் திறந்து கத்தினாள். சாவு பதினொன்றரைக்கு என்று எழுதினார்கள்.

பிரேதம் போனபின் ஆரணி தொலைபேசியில் அழுதாள்.

"அக்கா, செத்தவீட்டுக்கு அம்மா விடுறாவில்லை. தாலிப் படம் ஒண்டே ஒண்டு காணும் எனக்கு. அண்ணை கடைசியா எடுத்ததெண்டு வைச்சிருப்பன்."

"ஓம் பிள்ளை," என்றாள். அப்படியொரு படம் இல்லையென்று சொன்னால், தாலி ஏறும்போது அவன் எங்கே என்று கேட்பார்கள்.

மாலையில், மயானத்தால் வந்து தலை தோய்ந்த ஜெயதீபன் கமராவிலிருந்து படங்களைக் கணினிக்கு மாற்றினான்.

"அண்ணி, இஞ்சை வாங்கோ. தாலி கட்டுறதைப் படமெடுத்துப்போட்டுத்தான் மனுசன் போயிருக்கிறார்!"

சிவகரன் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து எடுத்தது. வழக்கம்போல இடப்பக்கம் சற்றுச் சரிந்த படம். மாப்பிள்ளையின் விரல்களுக்குள் முடிச்சு. மூலையில் நேரம், பத்து இருபத்திநான்கு.

"எல்லாரும் தாலியைப் பாக்கினம். நீங்கள் மட்டும் கமராவைப் பாக்கிறியள். கையிலை என்ன?"

பொத்திய விரல்களுக்கிடையில் இரும்பு வளையமொன்று தெரிந்தது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"தெற்கறைச் சாவி."

"படத்திலை உங்களை வெட்டிப்போட்டு ஆரணிக்கு அனுப்பட்டோ? சனம் ஏதும் சொல்லும்."

"வேண்டாம். அவர் எடுத்தபடியே இருக்கட்டும்."

ஜெயதீபன் தேத்தண்ணி குடிக்க எழுந்து போனான். மேசையில் கிடந்த கமராவின் கண்ணாடி அவள் பக்கமாகத் திரும்பியிருந்தது. உதயகலா குலைந்த தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, படத்துக்கு இருப்பதுபோல் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தாள்.