ஆறாவது லயத்தில் விழுந்த அறை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கராஜு வீடியோ டேப்பைக் கொண்டுவந்தபோது பஞ்சாலை பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கையக் கழுவிட்டு வாங்க. இன்னிக்கு டிவியில உங்களத்தான் பாக்கப் போறோம்" என்றான். தோட்டத்து இளைஞர் மன்றத்துக்கு அவன்தான் தலைவன். எழுபத்தேழாம் ஆண்டு டிவியில் வாரந்தோறும் வந்த 'ஆறாவது லயம்' என்ற, தோட்டத்து வரிசை வீடுகளைப் பற்றிய தமிழ் நகைச்சுவைத் தொடரில் ஒரு கதையை யாரோ பதிந்து வைத்திருந்தார்கள். தெமியாங்கில் ஒரு வீடியோ கடையில் அதைக் கண்டுபிடித்து வந்திருந்தான். கோயில் திருவிழாவுக்கு முதல் நாள் மண்டபத்தில் அதைப் போட்டுக் காட்டப் போகிறார்களாம். அந்தத் தொடரின் கதாநாயகன் மணியம் இப்போது லுக்குட்டில் இருக்கிறாராம். அவரை அழைத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம்.

"கூட நடிச்ச அக்காவுக்கும் ஒரு மாலை உண்டுலா" என்றான் தங்கராஜு.

அவள் கணவன் திருநாவுக்கரசு அதற்குள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டான். தோட்டத்து லோரி ஓட்டுபவன். யார் வீட்டுக்கு வந்தாலும், காப்பி கொடுக்கும் முன்பே, "எம் பொண்டாட்டி டிவியில நடிச்சவ" என்று சொல்லிவிடுவான். பக்கத்து வீட்டு முத்தாயியும் அவள் கணவன் வீரமுத்துவும் வந்து உட்கார்ந்தார்கள்.

சுவா ஊருக்கு உள்ளே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தில்தான் பஞ்சாலை பிறந்தாள், பால் எடுக்க மரம் வெட்டினாள், இப்போது ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கிறாள். திருவிழா நாடகத்தில் அவள் பேசியதைக் கேட்டு யாரோ சொல்லித்தான் கோலாலம்பூரில் ஒரு டைரக்டர் கூப்பிட்டார். தோட்டத்துப் பேச்சு பேசத் தெரிந்த பெண் வேண்டும் என்றார். சின்னாத்தா என்று வேஷம். மணியம்தான் அவளுக்குக் கணவன், காத்தான்.

படம் ஓடியது. கறுப்பு வெள்ளை. பாதி கோடு விழுந்திருந்தது. தோட்டத்துக் கங்காணியான மண்டோர் ரப்பர் பாலை நிறுக்கும் இடத்தில் சின்னாத்தா வருகிறாள். தண்ணீர் கலந்த பாலைக் கொடுத்துவிட்டு, முகத்தை ஒரு சுருக்கமும் இல்லாமல் வைத்துக்கொண்டு, "நேத்து மழைங்க. மரமே அழுதுடுச்சு. நான் என்னா செய்ய?" என்கிறாள். மண்டோர் தலையைச் சொறிகிறார்.

பஞ்சாலை தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். அந்த வரியை அவள்தான் சொன்னாள். எழுதிக் கொடுத்ததில் அது கிடையாது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மண்டோரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. நல்லாத்தான் நடிச்சிருக்கேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த காட்சி வீடு. சின்னாத்தா கால் தடுக்கிப் பால் வாளியைக் கொட்டிவிடுகிறாள். காத்தான் கையை ஓங்குகிறான். பளீரென்று ஓர் அறை. அவள் சுழன்று போய்ப் பக்கத்துத் தொட்டியில் விழுகிறாள். "வாங்கிக்கிட்டியா? பத்திரமா வச்சுக்க" என்கிறான் காத்தான். பின்னணியில் பதிந்து வைத்த சிரிப்பு ஓவென்று எழும்புகிறது.

வீரமுத்து தொடையில் தட்டிச் சிரித்தார். திருநாவுக்கரசு கண்ணில் நீர் வரச் சிரித்தான். "எப்படி விழறா பாரு. இன்னொரு தடவ போடறேன்" என்று பட்டனை அழுத்தினான். படம் பின்னால் ஓடியது. தொட்டியிலிருந்து அவள் எழுந்தாள், சுழன்றாள், காத்தான் கைக்கு நேரே கன்னத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாள். மறுபடியும் அறை. மறுபடியும் சிரிப்பு.

மூன்றாவது முறை போட அவன் பட்டனைத் தொட்டபோது பஞ்சாலை, "நிறுத்துங்க" என்றாள்.

"ஏன்லா, நல்லாத்தானே…"

"அது நடிப்பு இல்ல. என் கண்ணப் பாருங்க. அந்த எடத்துல சின்னாத்தா இல்ல, நான்தான் இருக்கேன். அந்த ஆளு கைய ஓங்கணும், நான் குனியணும், அவரு கை தூண்ல பட்டு அவரே கத்தணும். அப்படித்தான் எழுதியிருந்தாங்க. மூணு தடவ ஒத்திகை பாத்தோம். எடுக்கும்போது எங்கிட்ட சொல்லாமயே அறைஞ்சாரு."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஒங்ககிட்ட எங் காதுல சீழுன்னு சொன்னேன். சீழு இல்ல. ரத்தம். வெளிய கேண்டீன்ல நீங்க ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தீங்க. சொன்னா நீங்க உள்ள பூந்து அந்த ஆள அடிப்பீங்க, அப்பறம் தோட்டமே, நடிக்கப் போனவளுக்கு இது வேணும்னு பேசும். அதான் சொல்லல. அடுத்த வாரமும் அதே மாதிரி ஒரு அடி வேணும்னு டைரக்டர் சொன்னாரு. அதோட நான் போகல."

திருநாவுக்கரசு டிவியைப் பார்த்தான், தங்கராஜுவைப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "சரி, நடந்தது நடந்துபோச்சு. அந்த ஆளு விழாவுக்கு வராரு. இந்த நேரத்துல இத எதுக்குக் கிளறிக்கிட்டு?"

பஞ்சாலைக்கு உடம்பு முழுவதும் எரிந்தது. மணியம் அறைந்தபோதுகூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை. அன்றைக்கு அதிர்ச்சிதான் இருந்தது. கோபம் வர இடமே இல்லாமல் போயிருந்தது. இத்தனை வருஷமாக அவள் இடது பக்கம் நின்று பேசிவிட்டு, "செவிடு, காதுல விழல?" என்று திட்டிய மனிதன் இப்போது கிளறாதே என்கிறான். அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய் மீனை வெட்டினாள். கத்தி பலகையில் இறங்கும் சத்தம் முன்வீடு வரைக்கும் கேட்டது.

தங்கராஜு மட்டும் பின்னாலேயே வந்தான். "அக்கா, வேணாம்னா இத ரத்து செஞ்சிடலாம்."

"வேணாம். அந்த ஆளு வரட்டும்."

திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் மணியம் ஒரு வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். தலை நரைத்திருந்தது. தொந்தி விழுந்திருந்தது. கோயில் அலுவலக அறையில் அவருக்குத் தேத்தண்ணியும் வடையும் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். பஞ்சாலை உள்ளே போனாள்.

"அட, சின்னாத்தா" என்று அவர் எழுந்தார். "என்னா தங்கச்சி, அப்படியே இருக்கே."

"அண்ணே, நான் ஒன்னு கேக்க வந்தேன். அந்தப் பால் வாளிக் கதைதான் போடப் போறாங்க. நீங்க நெஜமா அறைஞ்சீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "ஆமாலா. டைரக்டர் என் காதுல சொன்னாரு, தூண அடிச்சா எவன் சிரிப்பான், அவளையே அடின்னு. சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒரு அடியிலதான் நம்ம தொடரு தூக்கிக்கிட்டு போச்சு."

"எனக்குத் தெரியாம அடிச்சீங்க."

"தெரிஞ்சா நீ கண்ண மூடியிருப்பே. கலைக்காகச் செய்யறதுதானே."

அவர் குரலில் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். இவர் வடையைப் பிட்டுக்கொண்டே பேசினார்.

"சரி. படம் போடறதுக்கு முன்னால மேடையில அத நீங்க சொல்லணும். அது நெஜமா அடிச்ச அடின்னு நீங்களே சொல்லணும்."

"அதுக்கென்னா, கண்டிப்பா சொல்றேன்" என்றார் மணியம்.

மண்டபம் நிறைந்திருந்தது. பாயில் பெண்கள் ஒரு பக்கம், நாற்காலியில் ஆண்கள் ஒரு பக்கம். மேடையில் பெரிய டிவியை மேசைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். பொன்னாடை போர்த்திய பிறகு மணியம் மைக்கைப் பிடித்தார். பழைய கதைகள் சொன்னார். சொன்ன வாக்கையும் காப்பாற்றினார்.

"இப்ப நீங்க பாக்கப் போற காட்சியில ஒரு ரகசியம் இருக்கு. அந்த அறை இருக்கே, அது நெஜ அறை. பஞ்சாலைக்கே தெரியாது. வாங்குனா பாருங்க, ஒரு வார்த்தை பேசல. எழுந்து அடுத்த காட்சிக்குப் போயிட்டா. அதுக்குப் பேருதான் கலைஞர். அந்த அடிக்கு ஒரு கைத்தட்டு குடுங்க."

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் யாரோ, "வாங்கிக்கிட்டியா? பத்திரமா வச்சுக்க" என்று கத்தினான். மண்டபம் குலுங்கியது.

பஞ்சாலை பாயிலிருந்து எழுந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மேடையேறி, மணியத்தின் பக்கத்தில் இருந்த இன்னொரு மைக்கை எடுத்தாள்.

"அன்னியிலிருந்து எனக்கு இடது காது கேக்கல."

கூட்டம் சிரித்தது.

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. சின்னாத்தா பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அதே குரல், அதே அசையாத முகம், சரியான இடத்தில் விட்ட நிறுத்தம். அவளுக்கு இருந்த திறமையே அவளுக்கு எதிராக நின்றது.

"நான் வசனம் பேசல. காதுல ரத்தம் வந்துச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மருந்து ஊத்துனாரு. கேக்கல. இன்னிக்கும் கேக்கல."

பாதிப் பேர் சிரித்தார்கள். பாதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பெண்கள் பக்கம் முத்தாயி எழுந்து நின்றாள். கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறக்காதவள்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்றாள். "அந்தக் கதை டிவியில வந்த மறுநாளு எம் புருசன் என்னை அறைஞ்சிட்டு அந்த வசனத்தத்தான் சொன்னாரு. அப்பறம் ஒவ்வொரு தடவயும் சொன்னாரு. வாங்கிக்கிட்டியா, பத்திரமா வச்சுக்க. லயத்துல பக்கத்து வீட்டு ஆம்பளைங்க கேட்டுட்டுச் சிரிப்பாங்க. டிவியில பாத்த மாதிரியே இருக்குன்னு சொல்லிச் சிரிப்பாங்க. அடி வாங்கறது ஒரு பக்கம், அந்தச் சிரிப்பு ஒரு பக்கம்."

நாற்காலியில் வீரமுத்து குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுலயும் அதே வசனம்தான்" என்றாள் பின்னால் ஒருத்தி. எழுந்து நிற்கவில்லை. யார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மணியம் பொன்னாடையைத் தோளில் சரிசெய்தார். முகம் சிவந்திருந்தது. "கூட்டி வச்சு அவமானப்படுத்தறீங்களா? அது காமெடி. எழுதுனவன் வேற, எடுத்தவன் வேற. உங்க ஊரு ஆம்பளைங்க பொண்டாட்டிய அடிச்சா அதுக்கு நானா பொறுப்பு?"

"அவுங்க அடிச்சதுக்கு அவுங்கதான் பொறுப்பு" என்றாள் பஞ்சாலை. "நீங்க அடிச்சதப் பத்திக் கேக்கறேன். அன்னிக்குக் காட்சி முடிஞ்ச பிறகு எங்கிட்ட ஒரு வார்த்தை பேசுனீங்களாண்ணே?"

"எனக்கு எங்க ஞாபகம் இருக்கு."

"எனக்கு இருக்கு. நான் தொட்டிக்குள்ள கெடக்கேன். நீங்க டைரக்டரப் பாத்து, கை நல்லா விழுந்துச்சான்னு கேட்டீங்க."

மணியம் மைக்கை மேசைமேல் வைத்தார். அது உருண்டு விழுந்து கிறீச்சிட்டது. கமிட்டித் தலைவர் பின்னால் ஓடினார், மன்னிச்சிக்குங்க மன்னிச்சிக்குங்க என்று. கார் கிளம்பிப் போகும் சத்தம் உள்ளே வரை வந்தது. தங்கராஜு டிவியை அணைத்துத் துணியைப் போட்டு மூடினான். படம் போடவில்லை.

தோட்டத்தில் அது பற்றிப் பல நாள் பேச்சாக இருந்தது. திருவிழாவையே அசிங்கப்படுத்திவிட்டாள் என்று கமிட்டித் தலைவர் சொன்னார். வயசான காலத்தில் ஒரு மனுசனை இப்படியா என்று ஸ்டோர் வாசலில் சிலர் பேசினார்கள். அவர்களில் சிலர் அவள் ஆயாக் கொட்டகையிலேயே பிள்ளைகளை விட்டுச் செல்கிறவர்கள். பஞ்சாலை பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டினாள். அவள் கோபம் தணியவில்லை. அது மணியத்தோடு கிளம்பிப் போய்விடும் என்று நினைத்திருந்தாள், அப்படி நடக்கவில்லை. கைதட்டியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன.

வீரமுத்து முத்தாயியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "அதுவும் நல்லதுதான், வீடு அமைதியா இருக்கு" என்றாள் முத்தாயி.

திருநாவுக்கரசும் சரியாகப் பேசவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் வீடியோ பெட்டியின் முன்னால் உட்கார்ந்து எதையோ செய்துகொண்டிருந்தான். விழாவுக்குப் பிறகு தங்கராஜு கொண்டுவந்து விட்டுப்போன டேப் உள்ளே இருந்தது.

"என்னா செய்றீங்க?"

"மேல வேற எதையாச்சும் பதிஞ்சிடலாம்னு. இது வீட்டுல இருக்க வேணாம்." அவன் திரும்பவில்லை. "திருப்பிப் போட்டுப் பாத்து நான் சிரிச்சேன் பஞ்சாலை. எனக்குத் தூக்கம் வரல."

"உங்களுக்குத் தூக்கம் வரணும்னு அத அழிக்கணுமா?"

அவன் கை நின்றது. அவள் போய்ப் பெட்டியிலிருந்து டேப்பை வெளியே எடுத்தாள்.

"அழிச்சா அந்த ஆளு அடிக்கலன்னு ஆயிடும். இருக்கட்டும்."

"பாக்க முடியாத ஒன்ன எதுக்கு வச்சிருக்கணும்?"

"மொதப் பாதியில நான் நல்லா நடிச்சிருக்கேன்" என்றாள் பஞ்சாலை. "அதுக்கப்பறம் அவரு அடிச்சிருக்காரு. ரெண்டும் நடந்தது. இனிமே யாரு பாத்தாலும் ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும். நீங்களும்தான்."

டேப்பை அலமாரியில் தன் சேலைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, அவள் அடுப்பு பற்ற வைக்கப் போனாள்.