அண்ணன் காலும் தம்பி காலும்

சரவெடி வெடித்ததும் உத்திராபதி துள்ளி ஒதுங்கினார். ஒதுங்கிய வேகத்தில் வலது குதிகாலை அழுத்தி ஊன்றிவிட்டார். வலி கெண்டைக்கால் வழியாக ஏறி இடுப்பில் போய் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துக் கும்பிட்டார்.

திருமழபாடியிலிருந்து வந்த வேன், பெரம்பலூர் மண்டப வாசலில் நின்றிருந்தது. பெண்ணைப் பெற்றவர் அவர். ஆனால் பக்கத்தில் நிற்க வேண்டிய மனைவி கொளஞ்சியம்மாள் செத்து நாலு வருஷம் ஆகிறது. சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் சென்னையிலிருந்து வந்திருந்த தம்பி மணிவண்ணன் கையிலும் அவன் மனைவி மணிமொழி கையிலும் இருந்தன. உத்திராபதி ஓரமாக நின்றார்.

"என்னாய்யா, புதுச் செருப்பு இந்தக் கத்து கத்துது? மேளக்காரனுக்குப் போட்டியா?" என்றார் அரியமுத்து. எறையூரில் உத்திராபதியோடு ஒரே கும்பலில் கரும்பு வெட்டுகிறவர்.

"இன்னிக்கு ஒரு நாளாவது நம்ம காலு மனுசன் காலாட்டம் இருக்கட்டும்யா."

உண்மை வேறு. வெறுங்காலோடு நடந்தால் மண்டபத்து வெள்ளைத் தரையில் கறை பதியும்.

கரும்புக் காட்டில் கட்டை குத்தாத கால் கிடையாது. குத்தின இடம் கறுத்துத் தடித்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து, ஒருவர் காலை இன்னொருவர் மடியில் போட்டு பிளேடால் சீவிக்கொள்வார்கள். போன வருஷம் உத்திராபதியின் குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாக ஒன்று கிளம்பியபோது, அரியமுத்துதான் சீவினார். "காலாணிதான். எனக்கும் இருக்கு" என்று தன் காலைத் தூக்கிக் காட்டினார். அதோடு பேச்சு முடிந்தது.

சீவச் சீவ அது அகலமாகிக்கொண்டே போனது. பொங்கலுக்குப் பிறகு நீர் கசிந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. காலில் புண் இருந்தால் நெறி கட்டத்தானே செய்யும் என்று அதையும் விட்டுவிட்டார். மகள் புவனேஸ்வரி திருச்சியில் விடுதியில் தங்கி ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள். வீட்டில் அவர் நொண்டுவதைப் பார்க்கச் சுவர்தான் இருந்தது.

மணமேடையில் ஐயர் மைக்கில் கூப்பிட்டார். "பொண்ணோட தாய் தகப்பன் ஸ்தானத்துல இருக்கறவா வாங்கோ. பாத பூஜை."

பெண்டாட்டி இல்லாதவர் மேடையேறி அதற்கு உட்காரும் வழக்கமில்லை. மணிவண்ணனும் மணிமொழியும் போய் உட்கார்ந்தார்கள். உத்திராபதி தூணோடு சாய்ந்து நின்றார். மகள் தாம்பாளத்தில் சித்தப்பாவின் காலை வைத்து, செம்புத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள். உத்திராபதிக்கு அது குறையாகத்தான் இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. அங்கே இருந்திருக்க வேண்டியது தன் கால். அதை அவள் பார்த்திருப்பாள்.

"என்ன சித்தப்பா, உள்ளங்கால்ல தையல் போட்டிருக்கு?"

ஐயரின் மைக் அவள் கேட்டதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"அப்புறம் சொல்றேம்மா. நீ மஞ்சள வை" என்றான் மணிவண்ணன்.

உத்திராபதி சிரிக்கவில்லை. பந்தியில் தம்பிக்குப் பக்கத்து இலையைப் பிடித்து உட்கார்ந்தார்.

"அது என்னா மணி, தையலு?"

"அதுவாண்ணே. கடுகு கணக்கா கறுப்பா ஒரு புள்ளி. எனக்கே தெரியாது. கம்பெனிக்கு வருசா வருசம் டாக்டரு வருவாரு. ஷூவக் கழட்டுங்கன்னாரு."

"ஒடனே கழட்டிட்டாராக்கும்" என்றாள் எதிர்வரிசையிலிருந்து மணிமொழி. "சாக்ஸ் நாறும்னு வெக்கப்பட்டு நின்னாரு மாமா. அந்த டாக்டரு மூக்கப் பிடிச்சிக்கிட்டுதான் பாத்தாராம்."

"பாத்தவரு மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாரு. தோல்ல வர்ற கேன்சராம்ணே. நம்ம நெறத்து ஆளுங்களுக்கு வந்தா உள்ளங்கால்ல, நகத்துக்கடியிலதான் வருமாம். ஆரம்பங்கறதால வெட்டி எடுத்து நாலு தையலோட வுட்டுட்டாங்க."

இலையில் ரசம் ஓடியது. உத்திராபதி அணை கட்டவில்லை.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"கல்யாண வேலையில கெடக்கற ஒன்ன எதுக்குப் பயமுறுத்துவானேன்னுதான். எனக்கும் அப்ப உசுரு போயித்தான் வந்துச்சு. தொடையிடுக்க அமுக்கிப் பாத்துட்டு, நெறி கட்டலை, தப்பிச்சீங்கன்னாரு டாக்டரு. கட்டியிருந்தா பரவிடுச்சுன்னு அர்த்தமாம்."

உத்திராபதியின் இடதுகை தானாக வேட்டிக்கு மேலே தொடையிடுக்கைத் தேடிப் போனது. அங்கே அது எலுமிச்சங்காய் போல் உருண்டு இருந்தது.

"நீ ஏண்ணே சாப்பிடல?"

"காலையில பலகாரம் கொஞ்சம் சாஸ்தியாயிடுச்சு."

இப்போதே சொல்லிவிடலாம். இலையிலிருந்து எழுந்து, கை கழுவும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் காட்டினால் போதும். மணி விடமாட்டான், இன்றைக்கே காரில் ஏற்றிக்கொள்வான். ஆனால் அடுத்த அறையில் புவனேஸ்வரி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். சேதி அவள் காதுக்குப் போனால் திருமழபாடி வேனில் ஏறமாட்டாள். கழுத்தில் தாலி ஏறிய அன்றே ஆஸ்பத்திரி வாசலில் உட்காருவாள். அவள் ஏறிப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்.

பெண் கிளம்பும்போது காலில் விழுந்தாள். அவர் வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு காலையும் வைப்பா. ஒத்தக் காலுக்கு விழுந்தா பாதி ஆசீர்வாதந்தான் வரும்."

"ஒனக்கு முழுசாவே குடுத்துட்டேன். போயிட்டு வாம்மா."

கன்னத்தில் கண்ணீரோடு அவள் சிரித்தாள். வேன் கிளம்பிப் போனது. பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள்.

"ஏறுண்ணே, ஒன்ன எறையூர்ல எறக்கி வுட்டுட்டு நாங்க சென்னைக்குக் கெளம்பறோம். நாளைக்குக் காலையில டூட்டி" என்றான் மணிவண்ணன்.

வழியெல்லாம் மணிமொழி கல்யாணத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். சாம்பாரில் உப்பு கூட, மாப்பிள்ளையின் அக்காளுக்கு வாய் நீளம், ஆனால் மாப்பிள்ளை தங்கம். உத்திராபதி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. அவற்றின் அருகே வெறுங்காலோடு ஆட்கள் குந்தியிருந்தார்கள். தம்பி ஊரை விட்டுப் போகாமல் இருந்திருந்தால் அவனும் இங்கேதான் குந்தியிருப்பான். அவன் காலையும் அரியமுத்துதான் சீவியிருப்பார்.

வீட்டு வாசலில் கார் நின்றது. ரெண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தது. நடுவில் கதவு பூட்டிக் கிடந்தது.

"உள்ள வந்து ஒரு வா காப்பி குடிச்சிட்டுப் போங்களேன்."

"இருட்டறதுக்குள்ள விழுப்புரம் தாண்டணும் மாமா. ஒடம்பப் பாத்துக்குங்க" என்றாள் மணிமொழி.

அவர் இறங்கினார். சாவியைத் தேடிப் பையில் கைவிட்டார். பின்னால் கார் உறுமியது. பூட்டைத் திறந்து உள்ளே போனால், இந்தக் காலும் தானும் மட்டும்தான். புவனா மறுவீட்டுக்கு வரும்வரை பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அப்போதும் அவளிடம் எந்த வாயால் சொல்வது?

கார் நகர்ந்துவிட்டது. உத்திராபதி செருப்பை அங்கேயே உதறிவிட்டு, நொண்டி நொண்டி ஓடிப்போய்ப் பின்கண்ணாடியைத் தட்டினார். கார் நின்றது. மணிவண்ணன் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தான். அண்ணன் வந்த வழியில், புதுசாகப் போட்ட கோலத்தின் மேல் வரிசையாக ஈரக் கறை பதிந்திருந்தது.

"என்னாண்ணே? எதையாவது மறந்துட்டமா?"

உத்திராபதி ஒரு கையால் கார்க் கதவையும் மறு கையால் தொடையிடுக்கையும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"இல்ல மணி... அந்த டாக்டரு தொடையிடுக்க அமுக்கிப் பாக்கறப்ப, ஒங்கூட ஆரு நின்னா?"